கொமெற்றின் யன்னல்கள்

பயணிகள் விமான மொடல் ஒன்றைச் செய்யத் தொடங்கின எவரும் முதல் நாளே சந்திக்கிற தொல்லை யன்னல். பெட்டியைத் திறந்தால் விமானத்தின் உடல் இரண்டு பாதியாக இருக்கும், நீளவாக்கில் வெட்டின வாழைப்பழம் மாதிரி. ஒவ்வொரு பாதியிலும் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். உள்ளுக்குள் இருந்து ஒரு கண்ணாடிப் பிளாஸ்ரிக் பட்டியை ஒட்டி அதை யன்னல் ஆக்கலாம். ஆனால் பெயின்ற் அடிக்கேக்க ஒவ்வொரு யன்னலையும் தனித்தனியாக மறைக்க வேணும், பட்டியும் ஓட்டையும் ஒழுங்காகப் பொருந்தாது, பசை கசிந்தால் கண்ணாடி மங்கிவிடும். அதனால் கனபேர் செய்கிறது வேறு: எல்லா ஓட்டையையும் புட்டி வைத்து அடைத்து, சாண்ட் பேப்பரால் தேய்த்து மழமழப்பாக்கி, பெயின்ற் அடித்து, கடைசியில் தண்ணியில் ஊறவைத்து ஒட்டுகிற டெக்கால் யன்னல்களை மேலே வைத்துவிடுவார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் இதுதான் வடிவு. நானும் இந்தக் கட்சிதான்.

ஆனால் நீங்கள் செய்கிற விமானம் கொமெற் என்றால், அந்த ஓட்டைகளை அடைக்க முதல் ஒருக்கா நிறுத்தி யோசிக்கலாம். 1950களில் இந்த விமானத்தின் கதை முழுவதும் அந்த ஓட்டைகளின் மூலைகளில்தான் நடந்தது.

டி ஹவிலண்ட் கொமெற், உலகின் முதல் ஜெற் பயணிகள் விமானம். 1949 யூலை 27இல் முதன்முதலாகப் பறந்தது. 1952 மே 2ஆம் திகதி பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. நிறுவனம் லண்டனில் இருந்து ஜொகன்னஸ்பேர்க்குக்கு இதில் காசு கொடுத்த பயணிகளை ஏற்றிக்கொண்டு போனது. அதுவரைக்கும் தூரப் பயணம் என்றால் புரொப்பலர் விமானம், காது அடைக்கிற சத்தம், உடம்பெல்லாம் அதிர்வு, புயலுக்குள் புகுந்து புறப்படுகிற பாதை. கொமெற் 40,000 அடி வரை ஏறி, மழை மேகத்துக்கு மேலால் அமைதியாகப் போனது. அதே ஆண்டு ஓகஸ்ட் 11இல் கொழும்புச் சேவையும் தொடங்கியது. இங்கே சுதந்திரம் கிடைத்து நாலரை வருசம். எயர் சிலோனின் டகோட்டாக்கள் இரத்மலானையில் இருந்து பலாலிக்கும் மெட்ராஸுக்கும் பறந்துகொண்டிருந்த காலம். அந்த வானத்துக்கு வாலில் புரொப்பலரும் இல்லாமல் சிறகில் புரொப்பலரும் இல்லாமல் ஒரு வெள்ளி நிற விமானம் வந்திறங்கினால் எப்படி இருந்திருக்கும்! வேறெந்த நாட்டிடமும் அப்போது இப்படி ஒன்று சேவையில் இல்லை. போரில் வென்றும் கடனாளியாகி, பேரரசையும் ஒவ்வொரு துண்டாக விட்டுக்கொண்டிருந்த பிரிட்டனுக்கு, தான் இன்னும் முன்னுக்கு நிற்கிறேன் எண்டு காட்ட ஒரு பொருள் கிடைத்திருந்தது.

அதே 1952இல் பிரிட்டனில் இன்னொரு சின்ன விசயமும் நடந்தது. நிக்கலஸ் கோவ் என்ற ஹங்கேரிய அகதி 1939இல் தொடங்கின எயர்ஃபிக்ஸ் என்ற நிறுவனம், முதலில் காற்றடிக்கிற ரப்பர் விளையாட்டுச் சாமான் செய்தது, போருக்குப் பிறகு பிளாஸ்ரிக் சீப்புச் செய்தது. 1949இல் ஃபெர்குசன் உழவு இயந்திர விற்பனையாளர்களுக்காக ஒரு மாதிரி டிராக்டர் செய்து கொடுத்தது. அதிலிருந்து வழி திறந்தது. 1952இல் 'கோல்டன் ஹைன்ட்' என்ற பழைய பாய்க்கப்பலைத் துண்டு துண்டாக வார்த்து, பொலித்தீன் பையில் போட்டு, வூல்வேர்த் கடைகளில் 2 சிலிங்குக்கு விற்றார்கள். விலையைக் குறைக்கத்தான் பை. பிள்ளைகளின் கைச்செலவுக் காசுக்கு எட்டுகிற விலையில் வந்ததால் அது ஓடியது. அடுத்து ஸ்பிற்ஃபயர் போர்விமானம் வந்தது, பிறகு வரிசை நீண்டுகொண்டே போனது.

பிளாஸ்ரிக் மொடல் கிற்றை எயர்ஃபிக்ஸ் கண்டுபிடிக்கவில்லை. 1936இலேயே ஃப்ரொக் நிறுவனம் 'பெங்குயின்' என்ற பெயரில் விமானக் கிற்களை விற்றது. அவை 1/72 அளவு, அதாவது ஓர் அங்குலத்துக்கு ஆறு அடி. இந்த அளவுக்கு ஒரு போர்க்கால வரலாறும் இருக்கு. 1942இல் அமெரிக்கக் கடற்படை, எதிரி விமானத்தையும் சொந்த விமானத்தையும் பிரித்தறியப் படையினரைப் பழக்குவதற்கு, நாடு முழுக்கப் பாடசாலைப் பிள்ளைகளிடம் 5 லட்சம் மர மொடல்கள் செய்து தரக் கேட்டது. எல்லாம் 1/72. அந்த மொடலை 35 அடி தூரத்தில் பிடித்தால், உண்மை விமானத்தை அரை மைல் தூரத்தில் பார்க்கிற மாதிரி இருக்கும். வகுப்பில் உளிபிடித்துச் செதுக்கின பிள்ளைக்கு அது விளையாட்டு, அதைப் பார்த்துப் படித்தவனுக்கு எதைச் சுட வேணும் என்ற பாடம். பயணிகள் விமானங்கள் பெரியவை என்பதால் அவற்றுக்கு இந்த அளவின் சரிபாதியான 1/144 வழக்கமாகிவிட்டது.

1960களின் தொடக்கத்தில் எயர்ஃபிக்ஸ் 1/144இல் வெளியிட்ட கொமெற், 4B என்ற வகை. செய்து முடித்தால் 25 சென்ரிமீற்றர் நீளம், சிறகு நுனிக்கு நுனி 23 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, உள்ளங்கையில் நிற்காது, சின்ன மேசையில் நிற்கும். பழைய அச்சு, ஆனபடியால் வேலை கூட. இரண்டு பாதியையும் சேர்க்க முதல் மூக்குக்குள் பாரம் வைக்க வேணும். இல்லாவிட்டால் மூன்று சக்கரத்தில் நிற்காமல் வாலில் குந்திவிடும். மீன் வலைக்குக் கட்டுகிற ஈயமணி இதுக்கு அருமையான சாமான். பிறகு பசை. பிளாஸ்ரிக் மொடலுக்குப் பாவிக்கிற பசை உண்மையில் ஒட்டுவதில்லை, இரண்டு விளிம்பையும் கரைத்து ஒன்றாக்குகிறது. காய்ந்த பிறகு அந்த மூட்டைத் தேய்த்துத் தேய்த்து மறைப்பதில்தான் மொடல்காரரின் பாதி ஆயுள் போகும். நாலைந்து தரம் பிரைமர் அடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மயிர்க்கோடு தெரிந்தால் திரும்பவும் புட்டி.

உண்மைக் கொமெற்றையும் ஒரு பகுதி பசையால்தான் இணைத்தார்கள் என்பது கனபேருக்குத் தெரியாது. ரிடக்ஸ் என்று ஒரு பசை. உலோகத்தை உலோகத்தோடு ஒட்டுவதற்காக 1940களில் இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் உருவானது. தறையாணிக்கு ஓட்டை போடாமல் ஒட்டினால் பாரம் குறையும். பாரம் அவர்களுக்குப் பெரிய பிரச்சினை. அந்தக்கால ஜெற் எஞ்சின்களுக்குப் பலம் போதாது, ஆகவே விமானத்தின் ஒவ்வொரு கிலோவையும் சுரண்ட வேண்டியிருந்தது. உடலின் உலோகத்தோலைப் பல இடங்களில் 0.7 மில்லிமீற்றருக்கு இறக்கினார்கள்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கோ. கிற்றின் பிளாஸ்ரிக் சுவர் 1 மில்லிமீற்றர் தடிப்பு என்று வைப்போம். அதை 144 மடங்காகப் பெருப்பித்தால் 14 சென்ரிமீற்றருக்கும் கூட, ஒரு வீட்டுச் சுவர் அளவு. உண்மைத் தோலை 144 மடங்கு சிறுப்பித்தால் 0.005 மில்லிமீற்றர், சமையலுக்குப் பாவிக்கிற அலுமினியத் தாளை விடவும் மெல்லிசு. மொடல் வடிவத்தைச் சரியாகக் காட்டும். தடிப்பைக் காட்டாது. கையில் பிடிக்கிற கொமெற் கல்லு மாதிரி இருக்கும், பறந்த கொமெற் ஒரு பலூன்.

பலூன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 40,000 அடியில் மனிதர் மூச்சுவிட முடியாது. அதனால் உள்ளே 8,000 அடி உயரத்துக் காற்றழுத்தத்தை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு சதுர அங்குலத்தையும் எட்டேகால் இறாத்தல் விசை உள்ளிருந்து வெளியே தள்ளும். ஏறும்போது உடல் கொஞ்சம் ஊதும், இறங்கும்போது சுருங்கும். ஒவ்வொரு பறப்பிலும் இது ஒரு தரம். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் கடைசியில் சும்மா முறிகிறதே, அதுதான் உலோகக் களைப்பு. தோலில் ஓட்டை இருக்கிற இடத்தில், அதிலும் அந்த ஓட்டைக்கு மூலை இருந்தால், விசை எல்லாம் அங்கே வந்து குவியும்.

1953 மே 2, முதல் சேவை தொடங்கிச் சரியாக ஒரு வருசம். கல்கத்தாவில் இருந்து புறப்பட்ட கொமெற் ஒன்று வானிலேயே உடைந்தது. 43 பேர் இறந்தார்கள். பலத்த புயல் இருந்தது, புயலில் பழியைப் போட்டார்கள். 1954 ஜனவரி 10இல் சிங்கப்பூரில் இருந்து லண்டன் போய்க்கொண்டிருந்த விமானம், றோமில் இறங்கி மீண்டும் புறப்பட்டு அரை மணித்தியாலத்துக்குள், எல்பா தீவுக்குப் பக்கத்தில் கடலில் விழுந்தது. விமானி வேறொரு விமானத்தோடு வானொலியில் பேசிக்கொண்டிருந்த வசனம் பாதியில் அறுந்தது. 35 பேர், அதில் 10 பேர் பிள்ளைகள். அந்த விமானத்தின் பதிவெழுத்தின் கடைசி இரண்டையும் வைத்து அதை 'யோக் பீற்றர்' என்பார்கள். 1952 மே 2இல் உலகின் முதல் ஜெற் பயணத்தைத் தொடக்கியதும் இதே விமானம்தான்.

கொமெற்களை நிறுத்தினார்கள். காரணம் தெரியாது. எஞ்சின் தீயாக இருக்கலாம், சிறகின் அதிர்வாக இருக்கலாம் என்று நினைத்து, ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு திருத்தம் செய்தார்கள். கடலுக்கடியில் இருந்து உடைசல்களை எடுத்துக்கொண்டிருக்கும்போதே, மார்ச் 23இல், மறுபடியும் பயணிகளை ஏற்றினார்கள். 16 நாளில், ஏப்ரல் 8ஆம் திகதி, றோமில் இருந்து கெய்ரோ போன இன்னொரு கொமெற் நேப்பிள்ஸுக்கு அப்பால் விழுந்தது. 21 பேர். இந்தப் 16 நாளைப் பற்றி வாசிக்கேக்கதான் எனக்கு எப்பவும் கோபம் வரும். எல்பாவில் இறந்தவர்களுக்கு என்ன நடந்தது எண்டு ஒருவருக்கும் தெரியாது என்பது அனுமதி கொடுத்தவர்களுக்கும் தெரியும். தெரியாமலே அடுத்த 21 பேரை ஏற்றினார்கள்.

இதுக்குப் பிறகு நடந்தது வேறுவிதம். விசாரணையை ஃபார்ன்பரோவில் இருந்த அரச விமான ஆய்வு நிலையத்திடம் கொடுத்தார்கள், தலைவர் ஆர்னல்ட் ஹோல். மொடல் செய்கிற ஆட்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய கதை இது. அங்கே நடந்ததில் பெரும்பகுதி மொடல் வேலைதான்.

எல்பாவில் எடுத்த உடல்களைப் பரிசோதித்த பீசா நகரத்து மருத்துவர் அந்தோனியோ ஃபோர்னாரி, நுரையீரல்கள் கிழிந்திருப்பதையும் மண்டை ஓடுகள் உடைந்திருப்பதையும் கண்டிருந்தார். காற்றழுத்தம் ஒரு கணத்தில் போனால் இப்படி ஆகுமா? ஃபார்ன்பரோவில் விமான உடலின் பத்தில் ஒரு பங்கு அளவில் ஒளி ஊடுருவும் பேர்ஸ்பெக்ஸ் மொடல் ஒன்று செய்தார்கள். உள்ளே சின்னச் சின்னக் கதிரைகள், கதிரைகளில் சின்னப் பொம்மை மனிதர்கள். அழுத்தத்தை ஏற்றி வெடிக்கவைத்துப் படம் பிடித்தார்கள். பொம்மைகள் கதிரையை விட்டெழும்பிக் கூரையில் தலை அடிபடுவது அதில் தெரிந்தது. விமானம் எந்த ஒழுங்கில் உடைந்தால் துண்டுகள் எங்கெங்கே விழும் என்று பார்க்க, நடுவானில் உடையும்படி செய்த மொடல் விமானங்களையும் பறக்கவிட்டார்கள்.

கடலில் இருந்து வந்த யோக் பீற்றரின் துண்டுகளை, விமான வடிவில் கட்டிய மரச்சட்டத்தில் ஒவ்வொன்றாகப் பொருத்தினார்கள். 1/1 அளவில் ஒரு கிற், வழிகாட்டிக் கடதாசி இல்லாமல், பாதித் துண்டுகள் இல்லாமல். நாங்கள் மூட்டை மறைப்பதற்காகப் பொருத்துகிறோம். அவர்கள் மூட்டைப் பார்ப்பதற்காகப் பொருத்தினார்கள், எந்த விளிம்பு முதலில் கிழிந்தது என்று. விமான உடலின் பெயின்ற் சிறகில் கீறலாகத் தேய்ந்திருந்தது. உடல் வெடித்துப் பறந்த துண்டு சிறகில் உரசியிருக்கு, ஆகவே அந்த நேரம் சிறகு முழுசாக இருந்திருக்கு, முதலில் போனது உடல்தான்.

இன்னொரு முழுக் கொமெற்றை, 'யோக் அங்கிள்' என்பதை, ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். சிறகுகள் மட்டும் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. காற்றை அடைத்துச் சோதித்தால் வெடிக்கும்போது குண்டு மாதிரிச் சிதறும், ஆதாரமும் போய்விடும். தண்ணீர் சுருங்காது, அதனால் கிழிந்த இடத்தோடு நின்றுவிடும். இரவு பகலாக உடலுக்குள் தண்ணீரை அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு. வெளியே சிறகுகளை யந்திரங்கள் மேலும் கீழும் வளைத்தன. தொட்டிக்கு வர முதல் பறந்ததையும் சேர்த்து ஏறத்தாழ 3,000 பறப்புகளுக்குச் சமமானபோது, 1954 யூன் மாதக் கடைசியில், தோல் கிழிந்தது. ஓட்டை ஒன்றின் மூலையில் இருந்து.

யோக் பீற்றர் 1,290 பறப்புகளில் விழுந்தது. நேப்பிள்ஸ் விமானம் 900இல். அப்படியென்றால் டி ஹவிலண்ட் விற்க முதல் சோதிக்கவில்லையா? சோதித்தார்கள், அதுவும் கவனமாக. உடலின் முன்பகுதி ஒன்றைத் தனியாகக் கட்டி அழுத்திப் பார்த்தார்கள். அது 18,000 தரம் தாங்கியது. அந்த எண்ணிக்கையை நம்பித்தான் எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். பிழை எங்கே இருந்தது என்றால், அதே துண்டைத்தான் அதற்கு முதல் வேறொரு சோதனைக்கும் பாவித்திருந்தார்கள். சாதாரண அழுத்தத்தின் இரண்டு மடங்கை ஏற்றி உடைகிறதா என்று பார்க்கிற சோதனை. அந்த அளவு மிஞ்சின அழுத்தத்தில் யன்னல் மூலைகளில் உலோகம் கொஞ்சம் இழுபட்டு, பழைய நிலைக்குத் திரும்பாமல் நின்றுவிட்டது. இதனால் அந்த மூலைகள் களைப்பை வழமையை விடக் கனகாலம் தாங்கின. விற்பனைக்குப் போன விமானங்களுக்கு அந்த 'வைத்தியம்' நடக்கவில்லை. சோதனைத் துண்டு விமானத்தைப் போலவே இருந்தது, ஒரே உலோகம், ஒரே வடிவம். அதுக்கு நடந்தது மட்டும் வேறு. ஒரு மொடலில் இதை விடப் பெரிய வித்தியாசம் இருக்கேலாது, கண்ணுக்கும் தெரியாது.

யோக் பீற்றரின் கூரைத்தோல் துண்டு கடலில் இருந்து கிடைத்தபோது மிச்சமும் உறுதியானது. வெடிப்புத் தொடங்கின இடம் பயணிகள் எட்டிப் பார்க்கிற யன்னல் கூட இல்லை. கூரையில், திசைகாட்டும் அன்ரெனாவுக்காக வெட்டி மூடியிருந்த ஓட்டையின் மூலை. 'சதுர யன்னல் வைத்ததால் விழுந்தது' என்று யூரியூப் வீடியோக்கள் ஒரு வசனத்தில் முடிக்கிற கதை இது. யன்னல்கள் முழுச் சதுரமும் இல்லை, மூலைகள் வளைந்துதான் இருந்தன, வளைவு போதாது. மெல்லிய தோல், மூலைக்குப் பக்கத்தில் இருந்த ஆணித்துளைகள், பிழையான நம்பிக்கை தந்த அந்தச் சோதனைத் துண்டு, எல்லாம் சேர்ந்துதான் அது நடந்தது.

1954 ஒக்ரோபர் 19இல் கோஹன் பிரபுவின் தலைமையில் பகிரங்க விசாரணை தொடங்கியது. கண்டுபிடித்ததை எல்லாம் மறைக்காமல் வெளியே வைத்தார்கள், போட்டி நிறுவனங்களும் படித்தன. தடித்த தோலும் புது யன்னல்களும் பலத்த எஞ்சின்களும் வைத்த கொமெற் 4, 1958 ஒக்ரோபர் 4இல் அத்திலாந்திக்கைக் கடந்து முதல் ஜெற் பயணிகள் சேவையைத் தொடங்கியது. மூன்று கிழமை கழித்து பான் ஆம் நிறுவனம் போயிங் 707ஐக் கொண்டுவந்தது. அது பெரிசு, வேகம், கூட ஆட்களை ஏற்றும். சந்தை அங்கே போய்விட்டது. இழந்த நாலு வருசத்தைப் பிரிட்டன் திரும்பப் பிடிக்கவே இல்லை.

எயர்ஃபிக்ஸ் பெட்டிக்குள் வந்தது இந்தத் திருந்தின குடும்பத்தின் 4B. ஐரோப்பாவுக்குள் ஓடின பி.ஈ.ஏ. நிறுவனத்தின் விமானம், சிவப்புச் சிறகு. அந்தச் சிவப்பை வெள்ளை உடலில் கசியவிடாமல் மாஸ்கிங் ரேப் ஒட்டி அடிக்கிறது ஒரு தனிப் பாடம். விற்கிற நிறுவனம் பறந்துகொண்டிருக்கிற விமானத்தைத்தான் தெரியும். பிள்ளை விமான நிலையத்தில் கண்டதைக் கடையில் தேடும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதனால் ஒரு தலைமுறைக்குக் கொமெற் என்றால் இந்த நீளமான, யன்னல் திருந்தின விமானம்தான். கொழும்புக்கு வந்தது அது இல்லை.

1952இன் கொமெற் வேணும் என்றால் கிற்றை வெட்ட வேணும். 4B, கொமெற் 1ஐ விட 25 அடி நீளம். 1/144இல் அது 5.3 சென்ரிமீற்றர். சிறகுக்கு முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு என்று உடலைக் குறைக்க வேணும். சிறகு நேர்மாறு, மொத்தம் 1.5 சென்ரிமீற்றர் கூட்ட வேணும். எஞ்சின் வாய்கள் சிறுக்க வேணும், முதல் எஞ்சின்கள் பலம் குறைந்தவை. யன்னல்களை அடைத்துவிட்டு, மூலை கூடின டெக்கால்களை நீங்களே கீறி அச்சடிக்க வேணும். பிறகு கூரையில், நடுக்கோட்டில், ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு சின்னச் சதுரங்கள். 1/144இல் அவை அரிசிமணியை விடச் சின்னன். பெரும்பாலான மொடல்களில் அவை இருக்காது.